மலையேறும் முன் மணி பாருங்கள்

வெள்ளியங்கிரி, பர்வதமலை, சதுரகிரி, கொல்லிமலை, கொடைக்கானலைச் சுற்றியுள்ள சோலைத் தடங்கள் என்று காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடக்கூடிய மலைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. பனிச்சரிவு கிடையாது, மூச்சு முட்டும் உயரமும் கிடையாது. அதனாலேயே ‘சும்மா ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்’ என்று கிளம்பிவிடுகிறோம். வெயில், பிற்பகல் இடி, ஓடையில் திடீர் வெள்ளம், காட்டுத்தீ, இருட்டு ஆகியவைதான் இங்கே ஆபத்துகள். தீயைத் தவிர மற்றவை பெரும்பாலும் நேரம் தவறி நடப்பவர்களையே பிடிக்கின்றன. அதனால் முதலில் கடிகாரம். பையும் ஷூவும் பிறகு.

1. எவ்வளவு நேரம் ஆகும் என்று கிளம்புமுன் கணக்குப் போடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நேஸ்மித் 1892-இல் சொன்ன சூத்திரம் இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 2 மணி 40 நிமிடம். இது குளிர் நாட்டில், பழகிய கால்களுக்குப் போட்ட கணக்கு. நம் வெயிலையும், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்த நம் கால்களையும் சேர்த்து இன்னும் பாதி கூட்டி, 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்குப் பாதி நேரம் போதும் என்பது பலர் போடும் தப்புக் கணக்கு. பழக்கமில்லாதவர்களுக்கு ஏறிய நேரத்தில் முக்கால் பங்காவது பிடிக்கும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு உச்சி, அரை மணி நேரம் ஓய்வு, பகல் ஒன்றரைக்கு அடிவாரம். அதே நடையை 9 மணிக்கு ஆரம்பித்தால் உச்சி வெயிலில் ஏறி, இடி இறங்கும் நேரத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

2. திரும்பும் நேரம் ஒன்றை அடிவாரத்திலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். ‘12 மணி ஆனால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புகிறோம்.’ உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, கூட வந்தவர் ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்று இழுத்தாலும் சரி. மலையில் அந்தப் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாவது வாடிக்கை. எதிரே இறங்கி வருபவரிடம் ‘இன்னும் எவ்வளவு தூரம்?’ என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் ‘இதோ பக்கத்துல’ என்றுதான் சொல்வார்கள். அது ஆறுதல், தகவல் இல்லை.

3. நவம்பர், டிசம்பரில் 6 மணிக்கு முன்பின்னாகச் சூரியன் மறைந்துவிடும். மரங்கள் அடர்ந்த சோலைக்குள்ளும், மலையின் கிழக்குச் சரிவிலும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கண் மங்கத் தொடங்கும். பகல் நடைதானே என்று டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று இருந்தால் இறங்கும்போது இரண்டு கையும் சும்மா இருக்கும்.

4. எந்த மலைக்கு எந்த மாதம் என்று பாருங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையையும் நீலகிரியின் மேற்குப் பகுதியையும் நனைத்தெடுக்கும். கொல்லிமலை, சிறுமலை போன்ற கிழக்குப் பக்கத்து மலைகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். 2 மணிக்கு மேல் கருத்துக்கொண்டு வரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து தீக்கு ஏங்கி நிற்கும் காலம். இவை போக எஞ்சும் டிசம்பர் கடைசி, ஜனவரிதான் என்னைக் கேட்டால் நல்ல காலம்.

5. அனுமதி இல்லாத தடத்தில் நுழையாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு தொடங்கியது. தடங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூட வருவார். வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள். கட்டணம் கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அனுமதி பெற்றுப் போனால், உள்ளே எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரியும். தீயோ வெள்ளமோ வந்தால் தேடி வர ஆள் இருப்பார்கள். திருட்டுத்தனமாகப் போனவரை யார் தேடுவது?

6. தீப்புகை தெரிந்தால் வேடிக்கை பார்க்காதீர்கள். தீ சரிவில் மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும். கீழே எரியும் தீயின் சூடு மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், செங்குத்து கூடக் கூட அதன் வேகமும் கூடும். எனவே தீக்கு மேலே இருந்துகொண்டு இன்னும் மேலே ஓடுவது மிக மோசமான முடிவு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கருகித் தணிந்த நிலம் ஆகியவை அடைக்கலம் தரும். ஆளுயரக் காய்ந்த புல்லும் குறுகலான பள்ளமும் கூடவே கூடாது. பள்ளம் புகைபோக்கி மாதிரி தீயை இழுத்துக்கொள்ளும். நைலான், பாலியெஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும் என்பதால், தீக்காலத்தில் மேலே ஒரு பருத்திச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. தீக்குச்சியும் பீடி, சிகரெட்டும் காட்டுக்குள் வரவே வேண்டாம்.

7. எந்த மலை, எந்தத் தடம், யார் யார், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். ‘ராத்திரி 8 மணி வரை போன் வரவில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு’ என்று அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் எழுதி வையுங்கள். வண்டியை நிறுத்திய இடத்தையும் சொல்லுங்கள். தேடுபவர்கள் அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

8. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். கூட்டம் அவர் வேகத்தில் போகட்டும். வழி தெரிந்த ஒருவர் மட்டும் அவருக்கு முன்னாலும், பொறுமைசாலி ஒருவர் கடைசியிலும் இருக்க வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. பாதை பிரியும் இடங்களில் நின்று தலை எண்ணிவிட்டுத்தான் நகர வேண்டும். வேகமாக நடப்பவர்கள் முன்னே போய் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுவதும், பின்னால் வருபவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தவுடனே ‘கிளம்பலாமா?’ என்று எழுந்துவிடுவதும் நாம் எல்லோரும் பார்த்ததுதான். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை.

9. 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். வெள்ளியங்கிரியில் பக்தர்கள் நெஞ்சுவலி, மூச்சுத்திணறலால் உயிரிழந்த செய்திகள் ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் வருகின்றன. பக்தியோ வைராக்கியமோ ரத்தக்குழாயின் அடைப்பை நீக்காது. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டு மாடிப்படியை ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குப்பென்ற வியர்வை வந்தால் அங்கேயே உட்காருங்கள். ‘வாயுத் தொல்லை’ என்று சோடா குடித்துவிட்டு ஏறுவதைத் தொடராதீர்கள். உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

10. புது ஷூவை மலையில் முதல்முறை போடாதீர்கள். இரண்டு வாரம் ஊருக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். அடியில் பள்ளம் பள்ளமாகப் பிடிமானம் இருக்க வேண்டும். தேய்ந்துபோன பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ ஈரப்பாறையில் வழுக்கும். முந்தின நாள் கால்நகங்களை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது பெருவிரல் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போவது அதனால் குறையும். நேர்த்திக்கடனாக வெறுங்காலில் ஏறுபவர்கள் ஒரு ஜோடி செருப்பைப் பையில் வைத்திருப்பதில் தவறில்லை. பகலில் பாறை கொதிக்கும்.

11. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். கீழே 30 டிகிரி என்றால் மேலே 15, 16 டிகிரிதான். காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் குளிரும். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் பல் தந்தியடிப்பதைப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. சீக்கிரம் உலரும் முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டை, காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று, மாற்றுச் சட்டை, உல்லன் குல்லா. மாற்றுத்துணியைப் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். பையே நனைந்தாலும் அது நனையாது.

12. நனைந்து, காற்றில் நடுங்குகிறவரைச் சாதாரணமாக விடாதீர்கள். நடுக்கம், வாய் குழறல், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறுவது எல்லாம் உடல்சூடு இறங்குவதன் அடையாளம். ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, தரையில் பையையோ இலைதழையையோ பரப்பி அதன்மேல் உட்காரவைத்து, சர்க்கரை தூக்கலாக வெந்நீரோ டீயோ கொடுங்கள். பிராந்தி உடம்பைச் சூடாக்கும் என்பது கட்டுக்கதை. அது இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

13. வெயில் நாளில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. 6 மணி நேர நடைக்கு 3 லிட்டர். அதற்காக வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் வியர்வையில் போன உப்பு ஈடாகாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் அப்படியே கரையுங்கள். பாதி பாக்கெட், கால் பாட்டில் என்று உத்தேசம் வேண்டாம். பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிந்தால் தொண்டையில் இறங்கும். ஓடை நீர் பளிங்குபோல இருந்தாலும் மேலே என்ன செத்துக் கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. குளோரின் மாத்திரை இருந்தால் போட்டு, அட்டையில் சொன்ன நேரம் காத்திருந்து குடியுங்கள்.

14. இது பெண்களுக்கு. ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் நடப்பவர்கள் அதிகம். தலைவலி, கால் தசைப்பிடிப்பு, மயக்கம், இறங்கி வந்த பிறகு நீர்க்கடுப்பு என்று அத்தனைக்கும் அது ஒன்றே காரணமாகிறது. கூட்டத்தில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து, பாதையிலிருந்து பத்துப் பதினைந்து அடிக்குள், புதரைத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கலாம். ஒரு பழைய துப்பட்டாவை இரண்டு பேர் பிடித்தால் மறைப்பு தயார். நாப்கினைத் தாளில் சுற்றிக் கெட்டிப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மாதவிலக்கு நாளென்றால் வலி மாத்திரையை மறக்க வேண்டாம். தலைவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டால் வேகத்தைக் குறைப்பார்.

15. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. புளிசாதம் கெடாது, தயிர்சாதம் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். நடக்கும்போது கொறிக்க கடலைமிட்டாய், பேரீச்சை, பொரிகடலை வெல்லத்தோடு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற்றம் ஏறக் கூடாது. குரங்குகள் உள்ள மலைகளில் தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். பாலிதீன் சரசரப்பு கேட்டாலே போதும், வந்து நிற்கும். பிடுங்கினால் விட்டுவிடுங்கள்; இழுபறி செய்தால் கடிதான் மிஞ்சும், அதற்கு வெறிநாய்க்கடி ஊசியே போட வேண்டியிருக்கும்.

16. பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: விசில், டார்ச், க்ரேப் பேண்டேஜ், பஞ்சும் துணிக்கட்டும், கிருமிநாசினிக் களிம்பு, உங்கள் வழக்கமான மாத்திரைகள் இரண்டு நாளுக்கு, கயிறு கொஞ்சம், சிறு கத்தி, பெரிய குப்பைப் பை ஒன்று. அந்தக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டால் மழைக்கோட்டு. விரித்தால் உட்கார விரிப்பு.

17. மூங்கில் தடி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளியங்கிரிக்கு பூண்டி அடிவாரத்தில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இளைஞர்கள் கௌரவம் பார்த்துவிட்டு, இறங்கும்போது அடுத்தவர் தடியைக் கடன் கேட்பார்கள். தடி மார்பளவு உயரம் இருந்தால் இறங்குவதற்குத் தோது: முதலில் தடி, பிறகு கால்.

18. முழங்கால் இறக்கத்தில்தான் அடிவாங்குகிறது. மூட்டை மடக்காமல் விறைப்பாக ஊன்றிக் குதிக்காதீர்கள். லேசாக மடித்து, சின்னச் சின்ன அடியாக, செங்குத்தான இடங்களில் பாதையின் குறுக்கே வளைந்து வளைந்து இறங்குங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட கொல்லிமலை ஆகாயகங்கையில் கதை தலைகீழ்: போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். அருவியில் ஆடித் தீர்த்துவிட்டு வருபவர்கள் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பர்வதமலையில் கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும் இடத்தில் இரண்டு கையும் வேண்டும். செல்போன், தண்ணீர் பாட்டில் எல்லாம் பைக்குள் போகட்டும். முன்னால் போகிறவர் அந்த இடத்தைக் கடந்த பிறகு அடுத்தவர் கால் வைக்கட்டும்.

19. ஈரப்பாறையில் பச்சையாக இருப்பது பாசி என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பாக எண்ணெய் பூசியதுபோல மினுக்குவதும் பாசிதான். விழுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். அருவித் தடாகத்தில் மேலிருந்து குதிப்பதும், விளிம்பில் பின்னோக்கி நடந்து செல்பி எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

20. ஓடையைக் கடக்குமுன் தண்ணீரைப் பாருங்கள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள். 2015 மே மாதம் சதுரகிரிக்கு அமாவாசைக்குப் போன பக்தர்களில் சிலர் இப்படித் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். ஓடும் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே ஆளைத் தள்ளும் பலம் அதற்கு உண்டு. கைகோத்து வீரம் காட்டுவதைவிடக் காத்திருங்கள். காட்டு ஓடை ஏறிய வேகத்திலேயே வடியவும் செய்யும். மழை நின்ற சில மணி நேரத்தில் வழி கிடைத்துவிடுவதுண்டு. காத்திருக்க நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் 6 மணிக்குக் கிளம்பியவரிடம் அது இருக்கும்.

21. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை ஆன நொடிகளை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கணக்கு வரும். 30 நொடிக்குள் இடி கேட்டால் இடி மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; உடனே உச்சியையும் முகட்டையும் விட்டு இறங்குங்கள். தனி மரத்தடி, கோயில் மணிக்கம்பம், இரும்புச் சங்கிலி, ஏணி ஆகியவற்றின் பக்கம் நிற்காதீர்கள். பாறை விளிம்புக்கு அடியில் ஒண்டுவதும் ஆபத்துதான். மின்சாரம் பாறை வழியே பாயும். சம உயரமுள்ள தாழ்ந்த மரங்களுக்கு நடுவே, ஒருவருக்கொருவர் தள்ளி, பையின்மேல் குதிகால்களை ஒட்டிக் குந்தி உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்திருந்து நடையைத் தொடருங்கள்.

22. வெயிலில் நடந்து கொண்டிருந்தவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெயில் களைப்பைத் தாண்டிய நிலை. நிழலில் கிடத்தி, உடை தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீரானாலும் பரவாயில்லை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

23. வளைவுகளில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடங்கள். கரடிக்குப் பார்வையும் காதும் மந்தம். திடீரென்று எதிரில் ஆளைக் கண்டால் பயத்தில் பாயும். காட்டுமாடு சாது போல நிற்கும், ஆனால் தலையைத் தாழ்த்திச் சீறினால் வழிவிட்டு விலகுங்கள். ஆவி பறக்கும் யானைச் சாணம், அப்போதுதான் ஒடித்த மூங்கில் கண்ணில் பட்டால் வழிகாட்டி என்ன சொல்கிறாரோ அதைச் செய்யுங்கள், திரும்பச் சொன்னால் திரும்புங்கள். ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு எதுவும் பயன்படாது.

24. பாறை விளிம்பில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டுக்கு அடியில் புகை, வாசனைத் திரவியம், கூச்சல் கூடாது. கலைந்துவிட்டால் துணியால் முகத்தை மூடிக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள், அடித்து விரட்ட முயல வேண்டாம். தண்ணீரில் மூழ்கினாலும் மேலே காத்திருக்கும். கொடுக்கு குத்தியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது தெரிந்தால் மருத்துவமனை.

25. அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை, அருவருப்புதான். மழைக்காலச் சோலையில் காலுறையைப் பேன்ட்டின் மேலே இழுத்துவிடுங்கள். மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் காலில் பூசிக்கொள்பவர்கள் உண்டு. கடித்த அட்டையைப் பிய்க்காமல், வாய்ப்பக்கமாக நகத்தை வைத்து நெம்பித் தள்ளிவிடுங்கள். ரத்தம் உறையாமல் ஒழுகும், துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

26. பாம்பு கடித்தால்: கிழிக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, கடிகாரத்தைக் கழற்றுங்கள்; வீக்கம் வந்தால் கழற்ற முடியாது. கடிபட்ட காலைக் குச்சி வைத்துக் கட்டி அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இரண்டு மூங்கில் தடிகளில் இரண்டு மூன்று சட்டைகளைப் பொத்தான் போட்டு மாட்டினால் தூக்கு படுக்கை ஆகிவிடும். வேட்டி இருந்தால் இன்னும் சுலபம். 108-க்குச் சொல்லி, விஷமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கே போகச் சொல்லுங்கள். நம் நாட்டு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. அதனால் பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

27. கால் பிசகினால், இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் ஷூவைக் கழற்றாதீர்கள். வீங்கிய பிறகு திரும்ப நுழையாது. ஷூவுக்கு மேலேயே க்ரேப் பேண்டேஜைச் சுற்றி, தடியூன்றி இறங்குங்கள். எலும்பு முறிவு என்று சந்தேகமிருந்தால் ஊன்றவே கூடாது.

28. வழி தவறிவிட்டதாகத் தோன்றியதும் நில்லுங்கள், உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்கு வந்த வழியே திரும்ப முடிந்தால் திரும்புங்கள். ‘ஓடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ஊர் வரும்’ என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் நம்பக் கூடாது. ஓடை போய் நிற்பது பெரும்பாலும் ஓர் அருவியின் தலையில். இறங்கவும் முடியாது, வழுக்குப் பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. இருந்த இடத்திலேயே இருந்து, நிமிடத்துக்கு 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி 6 முறை ஊதுங்கள். உலகமெங்கும் மலைகளில் உதவி கேட்கும் முறை இது. டார்ச் ஒளியிலும் இதே கணக்கு. பதில் நிமிடத்துக்கு 3 முறை வரும்.

29. கிளம்புமுன் தடத்தின் வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீரும் என்பதால் காட்டுக்குள் ஃபிளைட் மோடில் போடுங்கள். அவசரத்துக்கு 112. பேச முடியாத அளவுக்குச் சிக்னல் பலவீனமாக இருக்கும்போதும் குறுஞ்செய்தி போய்விடுவதுண்டு. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அதில் அனுப்புங்கள்.

30. இறங்கி முடித்ததும் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்காதீர்கள். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைச் சாலையில் 40. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, நாளெல்லாம் நடந்தவர் இந்த வளைவுகளில் கண்ணசருவது சுலபம். மலையேறாத ஒருவர் ஓட்டட்டும், அல்லது டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் அரை மணி நேரம் சீட்டைச் சாய்த்துத் தூங்கி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு எடுங்கள். மலையில் ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.